ரசமட்டம் பொய் சொல்லாது

பரவாயில்ல அண்ணாச்சி, மேல விழுந்தா என்ன இப்ப. நீங்க வேணும்னா விழுந்தீங்க? டிரைவர் ஒடிச்ச ஒடிப்பு அப்படி. நல்லா உள்ள தள்ளி உக்காந்து அந்தக் கம்பியப் பிடிச்சிக்கிடுங்க, மதுரை போய்ச் சேருற வரைக்கும் இதுமாதிரி வளைவு நிறையக் கிடக்கு. என்ன சொன்னீங்க? ரோட்டுக்குச் சாய்மானம் பத்தல, வெளிப்பக்கம் கொஞ்சம் ஒசத்திப் போட்டிருந்தா இப்படித் தூக்கி எறியாதுங்கீங்களா? சரியாப் போச்சு. நீங்க இன்ஜினியரா? இல்லையா. ஜவுளி வியாபாரமா. அப்ப உங்ககிட்ட மனசு விட்டுப் பேசலாம்.

சாய்மானம்ங்கிற சொல்ல நீங்களாத்தான் என் காதுல போட்டீங்க. இனி முழுசையும் சொல்லாம என்னால வாய மூட முடியாது. நம்ம பேரு ஆவுடையப்பன். புளியங்குறிச்சியில இரும்புக்கடை. ஆணி, கம்பி, கரணை, தூக்குக்குண்டு, வீடு கட்டுறதுக்கு உள்ள சாமான் எல்லாம் நம்மகிட்ட உண்டு. வியாபாரிகள் சங்கத் தலைவரும் நான்தான், ரயில் பயணிகள் நலச் சங்கத் தலைவரும் நான்தான். ரெண்டாவது சங்கத்த நானே ஆரம்பிச்சேன், அதனால அதுக்குத் தேர்தல் வைக்கிற பழக்கம் இல்ல. பெருமைக்குச் சொல்லல. யாருகிட்ட பேசுதோம்னு உங்களுக்குத் தெரியணும்லா.

எங்க ஊருக்கு நடுவுல தண்டவாளம் போகுது. மேக்க மேலூர், கிழக்க கீழூர், ரெண்டும் சேந்ததுதான் புளியங்குறிச்சி. நான் கீழூர். மேலூர்ல வைகுண்டம்னு ஒருத்தர் ரைஸ்மில் வச்சிருக்காரு. அவரப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கோயில் கொடைத் திருவிழாவுல முதல் மரியாதை யாருக்குங்கிறதுல ஒரு சின்ன மனத்தாங்கல், அது எங்க அப்பா காலத்துல உள்ளது, அத நான் நினைக்கதே கிடையாது. ஸ்டேஷனுக்கு வடக்க தண்டவாளம் மேலூரப் பாத்து வளையுது. கவனிச்சிக்கிடுங்க, மேலூரப் பாத்து. எங்க பக்கம் முதுகு. அதயும் நான் நினைக்கல.

எனக்கு ஒரே மக, சங்கரகோமதி. மதுரையில கட்டிக் குடுத்திருக்கு. மாப்பிள்ளைக்கு பேங்க்ல வேலை. சம்பந்தி வீட்டுக்காரங்க தங்கமானவங்க, பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி. போன வருசம் மக முழுகாம இருக்கான்னு சேதி வந்தது. என் சம்சாரம் சிவகாமி அன்னைக்கே பின்கட்டு ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டா. தலைப்பிரசவம்லா, அது தாய் வீட்டுலதான. எங்க அம்மாவுக்கு அப்படித்தான், என் தங்கச்சிமாருக்கு அப்படித்தான், சிவகாமிக்கும் அப்படித்தான். நான் கடையிலேயே நல்ல கொக்கியாப் பாத்து எடுத்து, ஏணி போட்டு ஏறி, தொட்டில் கட்ட உத்தரத்துல அடிச்சேன். யானையக் கட்டினாலும் தாங்கும். பேரப்பிள்ளை நம்ம வீட்டுல கண் முழிக்கணும், முதல்ல நான் தூக்கணும். வேற ஆசை என்ன இருக்கு இந்த வயசுல.

மூணாம் மாசம் மகள ஒரு வாரம் வீட்டுல வச்சிருக்கணும்னு மதுரையில இருந்து கூட்டிட்டு வந்தேன். பகல் எக்ஸ்பிரஸ். எங்க ஊர்ல நிக்கிற எக்ஸ்பிரஸ் அது ஒண்ணுதான். அவளுக்கு நல்ல மசக்கை, எலுமிச்சம்பழத்த மோந்து பாத்தாதான் குமட்டல் நிக்கும், அதனால ஒரு பை நிறையப் பழம் கையில இருந்தது. ஊர் வந்துட்டு. சிக்னல் விழாம வண்டிய அந்த வளைவுலயே நிப்பாட்டிட்டான். நின்ன வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சிக்கிட்டு நிக்குது அண்ணாச்சி. பை சரிஞ்சு பழமெல்லாம் உருளுது. எங்க உருளுது? மேலூர்ப் பக்க ஜன்னலுக்கு. அங்க யாரு உக்காந்திருக்கா? வைகுண்டம். அவரு காலடியில போயி பழமெல்லாம் காணிக்கை வச்ச மாதிரி வரிசையா நிக்குது. குனிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்து மக கையில குடுத்தாரு. குடுத்துட்டு என்னப் பாத்து, “என்ன வே ஆவுடையப்பன், ரயிலே எங்க பக்கம் தலை வணங்குது, பாத்தீரா” அப்படிங்காரு. பெட்டியே சிரிச்சுது. என் மகளும் சிரிச்சா.

நான் அதுக்காகக் கோவப்படல. எனக்கு என்ன பதட்டம்னா, பிள்ளைத்தாச்சி வார வண்டி இப்படிச் சாயலாமா? ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுட்டு அவள இதே வண்டியிலதான கூட்டிட்டு வரணும். அதுதான் என் கவலை. வைகுண்டம் என்ன சொன்னாருங்கிறது எனக்கு மறந்தே போச்சு.

மறுநாள் காலையில கடையில இருந்து ஒரு ரசமட்டத்த எடுத்துக்கிட்டேன். ரசமட்டம் தெரியும்லா? கண்ணாடிக் குழாய்க்குள்ள ஒரு குமிழி இருக்கும். குமிழி நடுவுல நின்னா மட்டம், ஓரத்துக்கு ஓடினா கோணல். கொத்தனார் பொய் சொல்லுவான், கான்ட்ராக்டர் பொய் சொல்லுவான், ரசமட்டம் பொய் சொல்லாது. வளைவு எங்க ஊரு ரயில்வே கேட் வரைக்கும் வருது, கேட்கீப்பர் நம்ம கடையில சாமான் வாங்குத ஆளு. ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க ஒரு பலகையப் போட்டு, மேல ரசமட்டத்த வச்சேன். குமிழி ஒரே ஓட்டமா ஓடி எங்க பக்கத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு அசைய மாட்டேங்குது. அப்படின்னா என்ன? கீழூர்த் தண்டவாளம் ஒசரம், மேலூர்த் தண்டவாளம் பள்ளம். நாலு விரக்கடை வித்தியாசம். பலகை மாட்டுத வேலையில நாலு விரக்கடை கோணலாப் போச்சுன்னா நம்ம ஊர்ல ஆசாரிய அடிக்க வந்திருவான். இவ்வளவு பெரிய ரயில்வேயில இதக் கேக்க ஆள் இல்ல.

மக அன்னைக்கே சொன்னா, சைக்கிள வளைவுல திருப்பும்போது நீங்க உள்பக்கம் சாயுவீங்கள்லா அப்பா, அதுமாதிரிதான் அதுவும்னு. நான் என் மொபெட்ட இத்தனை வருசமா நேரா நிமிந்து உக்காந்துதான் ஓட்டுதேன், ஒரு வளைவுல கூடச் சாஞ்சது கிடையாதுன்னு சொன்னேன். ஒரு தடவை வாய்க்காலுக்குள்ள விழுந்தீங்களேன்னா. அது வாய்க்காலோட தப்பு.

சங்கத்தக் கூட்டினேன். முதல்லயே ஒருத்தன் எந்திரிச்சு, அண்ணாச்சி, நம்ம பக்கம்தான ஒசரம், அது நமக்குப் பெருமைதானன்னு கேட்டான். உக்காருலேன்னு சொல்லிட்டேன். நம்ம பக்கத்த ஒசத்தினது எதுக்கு? வண்டி அங்க குனியுததுக்கு. அந்த நுணுக்கம் அவனுக்குப் புரியல. அப்புறம் போஸ்டர் அடிச்சோம். சாஞ்ச ரயிலை நிமித்துன்னு கொட்டை எழுத்துல போட்டு, கீழ என் படம். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவுல உண்ணாவிரதம் இருந்தோம். மேடையில மேசை மேல தண்டவாளம் மாதிரி ரெண்டு கம்பிய வச்சு, ரசமட்டத்த வச்சு, குமிழி ஓடுதத ஊருக்கே காட்டினேன். பொம்பளைங்க பிள்ளைங்களத் தூக்கிக் காட்டுதாங்க, சாமி பாக்க வந்த மாதிரி. எம்.பி. வந்தாரு. அவரும் குனிஞ்சு பாத்தாரு. பாத்துட்டு, இது மிகப் பெரிய அநீதின்னாரு. எதுங்கிறத அவருக்கு அப்புறமா விளக்கினோம்.

மேலிடத்துல இருந்து பிரஷர் போனதும், ரயில்வேயில இருந்து ஒரு மேடம் வந்தாவ. ஜெபக்கனின்னு பேரு, இன்ஜினியர், என் மக வயசுதான் இருக்கும். நல்ல பிள்ளை, படிப்பு அதிகமாகிப் போச்சு, அதான் சங்கடம். கடையில நாற்காலி போட்டு உக்கார வச்சு கலர் வாங்கிக் குடுத்தோம். பொறுமையாத்தான் சொல்லிச்சு. வண்டி வளைவுல வேகமா வரும்போது வெளிப்பக்கமாத் தள்ளுமாம், அதச் சமாளிக்கத்தான் வெளித் தண்டவாளத்த ஒசத்தி வண்டிய உள்பக்கம் சாய்க்குதாம். அதுக்குன்னு குறிச்ச வேகத்துல போனா ஒரு எலுமிச்சம்பழம்கூட உருளாதாம், நின்னாத்தான் உருளுமாம். கூட்ஸ் மெதுவா வருது, எக்ஸ்பிரஸ் பறந்து வருது, ரெண்டுக்கும் ஒத்து வர மாதிரி நடுவுல ஒரு ஒசரம் கணக்குப் பண்ணி வச்சிருக்காம். நான் தலைய ஆட்டிக்கிட்டே கேட்டேன். கேட்டுட்டு, இது எல்லாம் சரிம்மா, ரசமட்டம் என்ன சொல்லுது, அதச் சொல்லுன்னேன். கூட்டம் கை தட்டிச்சு.

அந்தப் பிள்ளை விடல. “சார், மட்டம் பண்ணித்தான் ஆகணும்னா பண்ணலாம். ஆனா வேகத்த நல்லாக் குறைக்கணும். வேகம் குறைஞ்சா நேரம் போகும். போன நேரத்த வேற எங்கயாவது பிடிக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க” அப்படின்னுச்சு. நான் என்ன சொன்னேன்? மெதுவாப் போகட்டும்மா, பிள்ளைத்தாச்சி வார வண்டி, இங்க யாருக்கு என்ன அவசரம்னு சொன்னேன். அதுக்கும் கை தட்டல். வேற எங்க நேரத்தப் பிடிப்பாங்கங்கிறத நான் ஏன் கேக்கணும்? அது அவங்க வேலை.

அதுக்கப்புறம் ஒருநாள் ஆளுங்க வந்து, கல்லக் கிளறி, தண்டவாளத்த இறக்க ஆரம்பிச்சாங்க. நான் குடையப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துலயே நின்னேன். முடிச்சப்புறம் பலகையப் போட்டு ரசமட்டத்த வச்சேன். குமிழி நடுவுல வந்து நின்னுச்சு பாருங்க, என் கண்ணுல தண்ணி வந்துட்டு. மணிக்கு முப்பதுன்னு வளைவு ஓரத்துல போர்டு நட்டாங்க. ஊர்ல வெடி போட்டோம். ரயிலை நிமித்திய நாயகனேன்னு எனக்குப் பேனர் வச்சாங்க. பேனருக்கு நான்தான் சொன்னேன்னு சில பேரு பேசுதாங்க. வாசகம் மட்டும்தான் நான் சொன்னது.

ரெண்டு மாசத்துல புது டயம்டேபிள் வந்தது. எங்க ஊரக் காணோம். பகல் எக்ஸ்பிரஸ் புளியங்குறிச்சியில நிக்காதாம். வளைவுல வீணாப் போற நேரத்த, ஸ்டேஷன்ல நிக்காம சரிக்கட்டிட்டாங்களாம். நான் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டு, என்னம்மா இது அநியாயம்னேன். நான் அன்னைக்கே சொன்னேன்லா சார்ங்குது. சொன்னா? நிறுத்தத்த எடுப்போம்னு விரல நீட்டிச் சொல்லணும்லா, வேற எங்கயாவதுன்னா யாருக்குப் புரியும்? இதுல வைகுண்டம் கை இருக்குன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். ஆதாரம் கிடைக்கல, அவ்வளவுதான்.

இதெல்லாம் நடந்து முடியும்போது மகளுக்கு ஏழாம் மாசம். மதுரைக்குப் போயி வளைகாப்புப் போட்டோம், கை நிறைய வளையல். கூட்டிட்டுக் கிளம்பணும். சம்பந்தியம்மா குறுக்க வந்து நின்னுட்டாங்க. டாக்டரு ரோட்டுல தூரம் போகக் கூடாதுன்னுட்டாரு, இந்த ரோடு என்ன லட்சணம்னு நீங்களே இப்ப பாத்துட்டீங்க. ரயில்ல கூட்டிட்டுப் போங்க, தடையில்லைன்னாங்க. எந்த ரயில்ல? பாசஞ்சர் விடியக்காலம் ஒண்ணு, அதுவும் ஜங்ஷன்ல மாறணும். ராத்திரி வலி கண்டா உங்க ஊர்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எதுல கொண்டு வருவீங்கன்னு கேட்டாங்க. நான் பதில் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே அந்தம்மா சிரிச்சிக்கிட்டு, “உங்க ஊர்ல ரயிலு இப்ப ரொம்ப நேராப் போகுதாமே” அப்படின்னு ஒரு வார்த்தை விட்டாங்க. சபையில. மாப்பிள்ளை வீட்டுச் சனம் அத்தனைக்கும் முன்னால.

எனக்கு வந்ததே கோவம். எங்க ஊர்ல அந்த வண்டி நிக்காம இனி உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன். மக வாசல் வரைக்கும் வந்தா. வளையல் குலுங்க என் கையப் பிடிச்சிக்கிட்டா. “அப்பா, எனக்கு நம்ம வீட்டுக்கு வரணும்னுதான் ஆசை. எதுல வர?” அவ்வளவுதான் கேட்டா. நான் அவ முகத்தப் பாக்காம பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.

சிவகாமி மூட்டை முடிச்சோட மக பக்கத்துல இருக்கக் கிளம்பிட்டா. மருந்துச் சாமான், பழைய சேலை, பித்தளை அண்டா, எல்லாத்தயும் பஸ்ல எப்படி ஏத்த? வைகுண்டம் தன் கார அனுப்பி வச்சாரு. கேக்காமலே அனுப்பி வச்சாரு. ஏசி கார் இருக்குங்கிறதக் காட்டணும், வேற என்ன. அவளும் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாம ஏறி உக்காந்துட்டா. ஏழு மாசமா நான் மெஸ்ல சாப்பிடுதேன். சாம்பார்ல பெருங்காயம் கிடையாது.

ஆண் பிள்ளை. நான் கடையில ஆணி நிறுத்துக்கிட்டு இருக்கும்போது போன் வந்தது. ஊருக்கே மிட்டாய் குடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கிட்டு, பிரசவம் எங்க அண்ணாச்சின்னு கேக்காங்க, தெரிஞ்சுக்கிட்டே கேக்காங்க. மதுரையில வசதி ஜாஸ்தின்னு சொல்லி வச்சேன். வீட்டுக்குப் போயி அந்த ரூமத் தொறந்து கொஞ்ச நேரம் நின்னேன். வெள்ளையடிச்சது அப்படியே புதுசா இருக்கு. அழுகை வந்தது, அழுதேன். யாரும் பாக்கல.

போன மாசம் பிள்ளைக்கு மொட்டை போட அவங்க குலதெய்வம் கோயிலுக்குத் தெக்க போனாங்க. அதே பகல் எக்ஸ்பிரஸ்ல. மக போன் பண்ணி, அப்பா, ரயில்வே கேட் பக்கத்துல நில்லுங்க, ஜன்னல்ல பிள்ளையக் காட்டுதேன்னா. கேட் பக்கத்துல நின்னா ஒரு கண்ணு மூடித் தொறக்குற நேரம்தான கிடைக்கும்? நான் வடக்க போயி, முப்பது போர்டு பக்கத்துல மொபெட்டோட காத்துக்கிட்டு இருந்தேன். அங்க இருந்து தண்டவாளத்துக்கு ஒட்டியே மண் ரோடு. வண்டி வந்தது. நம்ம வளைவுல வந்ததும் பவ்யமா வேகம் குறைஞ்சுது. நான் மொபெட்ட முறுக்கினேன். அவ பெட்டி வந்தது, ஜன்னல் வந்தது, பிள்ளையத் தூக்கிக் காட்டினா. நானும் கூடவே போறேன், ரயில்ல அவ, ரோட்டுல நான், நடுவுல ஒரு வேலி. தலை நிறைய முடி, எங்க அப்பா நெத்தி. ஏளா, கழுத்தப் பிடிச்சிக்கோன்னு கத்துதேன். அவ அழுதுக்கிட்டே சிரிக்கா. பின்னால சிவகாமி ரோட்டப் பாத்து ஓட்டுங்கன்னு கையக் காட்டுதா.

ஒண்ணு சொல்லணும். பிள்ளை ஒரு பக்கமும் சாயல. குலுக்கல் இல்ல, உருளல் இல்ல. என்னமும் இருந்தா லேசா கீழூர்ப் பக்கம், எங்க பக்கம்தான் தள்ளிச்சு. அத எவன் சாதிச்சான்? நான்தான். அப்புறம் மண் ரோடு கிழக்க திரும்பிட்டு, வண்டி தெக்க போயிட்டு. நான் புழுதியில நின்னேன்.

இப்ப வைகுண்டம் ஒரு வேலை பாக்காரு. பழையபடி தண்டவாளத்த ஒசத்துங்க, வேகத்தக் கூட்டுங்க, நிறுத்தத்தத் திருப்பிக் குடுங்கன்னு மேலூர், கீழூர் ரெண்டு பக்கமும் ஆள் சேக்காரு. கீழூர்க்காரனும் போறான், வெக்கங்கெட்டவன். ஜெபக்கனி மேடமும் சொல்லிச்சாம், புகார் குடுத்த தலைவரே சரின்னு சொன்னா வேலை நடக்கும்னு. மக போன்ல கெஞ்சுதா, ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்கப்பா, கைப்பிள்ளைய அந்த ரோட்டுல கொண்டு வர அத்தை விட மாட்டாங்க, வண்டி நின்னா நான் அடுத்த நாளே பிள்ளையத் தூக்கிட்டு வந்து இறங்குதேன்னு. வைகுண்டம் வீடேறி வந்து, “வே, பேரப்பிள்ளைக்காகவாது ஒத்துக்கிடும்வே” அப்படின்னாரு. கனிவாத்தான் சொன்னாரு, அதுதான் எனக்கு ஆகல. குமிழிய நடுவுல கொண்டு வந்து நிறுத்தினவன் நான். அத மறுபடி ஓடச் சொல்லி நானே எப்படிச் சொல்ல? அந்த வண்டி மறுபடி அவரு பக்கம் குனியுததப் பாத்துக்கிட்டு நான் எப்படிக் கேட் பக்கத்துல நிக்க?

இல்ல அண்ணாச்சி, மதுரைக்குப் போனாலும் மக வீட்டுக்குப் போகல. சொன்ன சொல்லு இருக்கே. பிள்ளைய நான் இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல. கை பரபரங்குது, ராவுல தூக்கம் இல்ல, அத உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. ஆனா அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். இப்ப பெரிய ஆபீஸுக்குத்தான் போறேன், சங்கத்து சார்பா புதுக் கோரிக்கை. நிறுத்தம் வேண்டாம், சாய்மானம் வேண்டாம். முப்பதுங்கிறது கொஞ்சம் வேகம், மக்களுக்கு ஆபத்து, அத ஆள் நடக்குற வேகத்துக்குக் கொண்டு வாங்கன்னு கேக்கப் போறேன். அது கிடைச்சிட்டுன்னா பாருங்க, வண்டி வரும்போது பெட்டியோட இந்த வாசல்ல பிள்ளைய வாங்கி, கூடவே நடந்து ஆசை தீரக் கொஞ்சிட்டு, வளைவு முடியுததுக்குள்ள அடுத்த வாசல்ல திருப்பிக் குடுத்திர மாட்டேனா?